ஒரு நாள் வாடகை எவ்வளவு?

சிங்கப்பூரில் பழைய கார் வாங்கப் போனால், கண்ணாடியில் மாட்டியிருக்கும் அட்டையில் விலைக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும். 'வருஷத்துக்கு 20,000' என்கிற மாதிரி. கடன் தவணை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காரை வைத்திருக்கும் ஒவ்வொரு வருஷமும் அதன் மதிப்பிலிருந்து எவ்வளவு கரைந்துபோகும் என்கிற கணக்கு அது. தமிழில் தேய்மானம் என்போம். இந்த ஊர்க்காரர்கள் சுருக்கி 'டெப்ரி' என்பார்கள். மார்க்கெட்டில் கிலோ என்ன விலை என்று கேட்பது போல, இங்கே பேச்சு தொடங்குவதே "டெப்ரி எவ்வளவு?" என்றுதான்.

2023 அக்டோபர், கடைசி சனிக்கிழமை. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. தேக்காவில் துணி எடுக்கப் போயிருக்க வேண்டிய நாங்கள் மூன்று பேர், நான், அப்பா, பத்து வயசு மகள், புக்கிட் தீமாவில் டர்ஃப் சிட்டி வளாகத்தில் நின்றுகொண்டிருந்தோம். மனைவிக்கு அன்று வேலை. "சும்மா பார்த்துட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். பதினெட்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அந்த வார்த்தையை அவள் ஒருநாளும் நம்பியதில்லை.

டர்ஃப் சிட்டி ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடல். 1933 முதல் 1999 வரை குதிரைகள் இங்கேதான் ஓடின. அதற்கு முன்னால் பந்தயம் நடந்தது ஃபேரர் பார்க்கில். நாம் மீன்தலைக் கறி சாப்பிடப் போகிற ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். குதிரைகள் கிராஞ்சிக்குப் போன பிறகு இங்கிருந்த பார்வையாளர் மாடங்களில் உணவகங்களும் கடைகளும் வந்தன, சுற்றிலும் பழைய கார் வியாபாரிகள் வந்தார்கள். நாங்கள் போனபோது அவர்களுக்கும் நாள் எண்ணப்பட்டுவிட்டது. டிசம்பர் 31-க்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும். பாதி இடம் வெறிச்சோடிக் கிடந்தது. மீதிப் பாதியில் கார்கள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

அப்பா சுற்றிப் பார்த்துச் சிரித்தார். "ரேஸ் நாள்ல இங்க எத்தனை பேரைக் கொண்டாந்து இறக்கியிருக்கேன் தெரியுமா? வரும்போது டாக்ஸில வருவான். திரும்பும்போது பஸ் ஸ்டாப்புல நிப்பான்."

அப்பா 1975-ல் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர். 1988 முதல் 26 வருஷம் டாக்ஸி ஓட்டினார். பெரும்பாலும் டொயோட்டா கிரவுன், டீசல் வண்டி. அந்த கிரவுன் டாக்ஸிகள் 2014-ல் சாலையை விட்டுப் போனபோது அவரும் ஸ்டியரிங்கை விட்டார். 26 வருஷம் கார் ஓட்டியவர் ஒரு காருக்குக்கூடச் சொந்தக்காரராக இருந்ததில்லை. தினமும் கம்பெனிக்கு வாடகை கட்டினார். வாடகை போக, டீசல் போக, மிச்சம்தான் எங்கள் வீட்டுச் சோறு, என் பள்ளிக்கூடம்.

பள்ளி விடுமுறையில் சில நாள் என்னை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போவார். அப்படி ஒருநாள் சிக்னலில் ஒரு சின்னச் சிவப்புக் கார் எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. கூரை இல்லை. இரண்டே சீட்டு. மாஸ்டா எம்எக்ஸ்-5. அதன் பெயர் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். பச்சை விழுந்ததும் அது போன விதம் இன்னும் மறக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வயது பன்னிரண்டு. இப்போது நாற்பத்திரண்டு. டர்ஃப் சிட்டிக்கு நான் எதைப் பார்க்க வந்தேன் என்று சொல்லத் தேவையில்லை.

காரா, காகிதமா?

வேறு ஊர்களில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கணும். சிங்கப்பூரில் கார் வாங்கினால் மட்டும் போதாது, அதைச் சாலையில் ஓட்டும் உரிமையை ஏலத்தில் எடுக்கணும். சிஓஇ என்கிற அந்த உரிமைச் சான்றிதழ் 1990-ல் வந்தது. ஆயுள் பத்து வருஷம். மாதம் இரண்டு முறை ஏலம். நாங்கள் டர்ஃப் சிட்டி போனதற்குப் பத்து நாள் முன்னால், பெரிய கார்களுக்கான பிரிவில் அது 150,001 வெள்ளியைத் தொட்டிருந்தது. காருக்கு அல்ல, அந்தச் சான்றிதழுக்கு மட்டும்.

அதோடு, இறக்குமதி மதிப்பை வைத்து ஏஆர்எஃப் என்று ஒரு பதிவு வரியும் உண்டு. பத்து வருஷம் முடிவதற்குள் காரின் பதிவை ரத்து செய்தால் அந்த வரியில் ஒரு பங்கு திரும்பி வரும். இதற்குப் பெயர் பார்ஃப். நான் பார்க்கப்போன காலத்துக் கார்களுக்கு, ஐந்து வருஷத்துக்குள் என்றால் 75 சதவீதம், பிறகு வருஷத்துக்கு ஐந்து ஐந்தாகக் குறைந்து கடைசி வருஷத்தில் 50 சதவீதம். சிஓஇ-யிலும் மீதியிருக்கும் மாதங்களுக்கான பணம் திரும்பி வரும். இந்த இரண்டையும் கூட்டினால் வருவதுதான் காரின் 'பேப்பர் வேல்யூ', காகித மதிப்பு. விதிகள் அவ்வப்போது மாறும். அதனால் எந்தக் காரைப் பார்க்கிறீர்களோ அது பதிவான தேதிக்கு உரிய விதியைத்தான் பார்க்கணும்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். அதானே?"

ஏறக்குறைய அதுதான். ஆனால் எத்தனை பொன் என்று பார்க்கணும் இல்லையா?

முதல் கார்: சிவப்பு மாஸ்டா

சிவப்பு நிறம், துணிக்கூரை, இரண்டு லிட்டர் இன்ஜின். 2017 டிசம்பரில் பதிவானது. கேட்ட விலை 99,000 வெள்ளி. சிஓஇ முடிய நாலு வருஷம் இரண்டு மாதம் இருந்தது.

விற்பனைக்காரப் பையனிடம் லாக் கார்டு கேட்டேன். காரின் ஜாதகம் மாதிரி அது. இறக்குமதி மதிப்பு, கட்டிய வரி, எத்தனை கை மாறியது, சிஓஇ எப்போது முடியும், எல்லாம் அதில் இருக்கும். இறக்குமதி மதிப்பு 28,000. கட்டிய ஏஆர்எஃப் 31,200. பத்தாவது வருஷம் முடியும்போது அதில் பாதி, 15,600 திரும்பி வரும்.

கணக்கு இவ்வளவுதான். 99,000-லிருந்து 15,600-ஐக் கழித்தால் 83,400. அதை நாலு வருஷம் இரண்டு மாதத்தால் வகுத்தால் வருஷத்துக்கு 20,000. அட்டையில் போட்டிருந்த அதே எண்.

மனைவிக்கு இடைவேளை. வீடியோவில் கூப்பிட்டாள். காரைக் காட்டினேன். "அழகா இருக்கு" என்றாள். அடுத்த கேள்வி நகைக்கடைக் கேள்வி. "இதுல தங்கம் எவ்வளவு, செய்கூலி சேதாரம் எவ்வளவு?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அன்றைக்கே பதிவை ரத்து செய்தால் பார்ஃப் 70 சதவீதம், 21,840. முதல் சொந்தக்காரர் சிஓஇ-க்குக் கட்டியது ஐம்பதாயிரத்தை ஒட்டி. மீதி மாதங்களுக்கு அதில் இருபதாயிரம் சொச்சம். ஆக மொத்தம் 42,000 வெள்ளிதான் தங்கம். மிச்ச 57,000? கொஞ்சம் காரின் தரத்துக்கு, கொஞ்சம் வியாபாரியின் லாபத்துக்கு. பெரும்பங்கு 'இன்றைக்குப் புது சிஓஇ ஒன்றரை லட்சம், அதனால் பழைய சிஓஇ-க்கும் கிராக்கி' என்பதற்கு. அந்தக் கிராக்கி இறங்கினால் அந்தப் பணமும் இறங்கும். யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

"ஓட்டிப் பாக்கறீங்களா?" என்றான் பையன். முதலில் அப்பாவை உட்கார வைத்தேன். உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. சீட்டு தரையை ஒட்டி இருக்கிறது, முட்டியோ எழுபத்து மூன்று வயசு முட்டி. நான் ஒரு கை, மகள் ஒரு கை பிடித்து இழுத்து வெளியே எடுத்தோம். "கிணத்துலேர்ந்து தூக்கற மாதிரி தூக்கறீங்களே" என்று அவரே சிரித்தார். மகள் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பா, நாலு பேருக்கு ரெண்டு சீட்டா?"

இரண்டாவது கார்: விலை குறைந்த போர்ஷ்

மதியம் உபி போனோம். ஆட்டோமொபைல் மெகாமார்ட் என்ற கட்டடம் முழுக்க, மாடிக்கு மாடி கார்கள்தான். சாய்தளத்தில் ஏறி ஏறிப் பார்த்துக்கொண்டே போகலாம். அங்கே ஒரு வெள்ளி நிற போர்ஷ் பாக்ஸ்டர். 2008 நவம்பர் பதிவு. விலை 80,000. அட்டையில் டெப்ரி 16,000.

ஒரு நிமிஷம் தலை சுற்றியது. போர்ஷ், அதுவும் மாஸ்டாவைவிட வருஷத்துக்கு நாலாயிரம் குறைவு!

அட்டையை மறுபடி படித்தேன். 2018-ல் பத்து வருஷம் முடிந்ததும் சிஓஇ-யை இன்னொரு பத்து வருஷத்துக்குப் புதுப்பித்திருக்கிறார்கள். புதுப்பித்த அன்றே பார்ஃப் பணம் போய்விட்டது. 2028 நவம்பரில் இந்தக் காரிலிருந்து திரும்பி வரப்போவது பழைய இரும்பு விலை மட்டும். 80,000-மும் ஐந்து வருஷத்தில் கரையும். இந்த யானை இறந்தால் பொன் கிடையாது.

பிறகு தீனிச் செலவு. இரண்டு லிட்டர் மாஸ்டாவுக்கு சாலை வரி வருஷத்துக்கு 1,200 சொச்சம். 2.7 லிட்டர் பாக்ஸ்டருக்கு அடிப்படை வரியே 2,000. பத்து வருஷத்தைத் தாண்டிய காருக்கு வருஷத்துக்குப் பத்து சதவீதம் கூடுதல், அது 50 சதவீதம் வரை ஏறும். இந்தக் கார் அந்த உச்சத்துக்கு வந்துவிட்டது, அதனால் 3,000. மூன்று வயது முதல் பத்து வயது வரையுள்ள காருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சோதனை, பத்தைத் தாண்டினால் வருஷா வருஷம். நாலாயிரம் வித்தியாசத்தில் சுமார் இரண்டாயிரம் இங்கேயே போச்சு. மீதியை ஒரே ஒரு ஒர்க்‌ஷாப் பில் தின்றுவிடும். 2009 மாடலுக்கு முந்தைய பாக்ஸ்டர்களில் இன்ஜினுக்குள் ஐஎம்எஸ் என்ற பேரிங் பற்றி விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்பார்கள். அது உடைந்தால் இன்ஜினே போய்விடும். எல்லாக் காரிலும் உடையாது. ஆனால் யார் பார்த்தார்கள், எப்போது பார்த்தார்கள் என்பதற்கு பில் இருக்கணும். "பில் இருக்கா?" என்றேன். "கார் நல்ல கண்டிஷன், பாஸ்" என்று பதில் வந்தது. நான் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

அப்பா காதோரம் சொன்னார். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்."

பல்லைப் பார்த்து வாங்குவது

அப்பாவுக்கு இந்த வியாபாரம் புதிது இல்லை. சின்ன வயசில் தாத்தாவோடு மாட்டுச் சந்தைக்குப் போனவர். துண்டுக்கு அடியில் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்களாம். விலை பேசுவதற்கு முன்னால் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். "தரகன் மாட்டைப் பத்தித்தான் பேசுவான். நீ மாட்டைப் பாரு, அவன் வாயைப் பாக்காத" என்பார்.

அவரும் ஒர்க்‌ஷாப்காரர் ஒருவரும் சொன்னதைச் சேர்த்து, ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். எந்த ஊரானாலும் இது பொருந்தும்.

நீங்கள் போகும்போது இன்ஜின் சூடாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ராத்திரி முழுக்க நின்ற கார் முதல் தடவை எப்படி எழுந்திருக்கிறது என்பதில்தான் விஷயம் தெரியும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், தயாரித்த வாரமும் வருஷமும். டயரில் சிக்கனம் பிடித்தவர் ஆயில் மாற்றுவதிலும் பிடித்திருப்பார். நாலு டயரும் நாலு கம்பெனி என்றால் இன்னும் கவனம். சைலன்சர், ஸ்பிரிங், சக்கரம் என்று மாற்றி வைத்திருந்தால், அதற்கு அவர் செலவழித்த பணம் உங்களுக்கு மதிப்பு ஆகாது. கழற்றிய அசல் பாகங்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். வருஷத்துக்கு ஒரு சொந்தக்காரர் என்று கை மாறிய கார் என்றால், ஏன் யாரும் வைத்துக்கொள்ளவில்லை என்று யோசியுங்கள். கடைசியாக, விற்பவருக்கு வேண்டாத ஒரு ஒர்க்‌ஷாப்பில் காசு கொடுத்துச் சோதனை செய்யுங்கள். அதற்கு மறுக்கிறவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

லண்டன் கணக்கு வேறு

ராத்திரி லண்டனில் இருக்கும் பெரியம்மா மகனோடு பேசினேன். அவனும் ஒரு எம்எக்ஸ்-5 வைத்திருக்கிறான், பத்து வயசுக் காராக வாங்கியது. என் 20,000 கணக்கைக் கேட்டதும் அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அங்கே சிஓஇ இல்லை. புதுக் கார் முதல் சில வருஷத்தில் மளமளவென்று இறங்கும், பிறகு மெதுவாக. அந்தச் சரிவை முதல் சொந்தக்காரர் தாங்கிய பிறகு வாங்கினால், அடுத்தவருக்கு நஷ்டம் கொஞ்சம்தான். கூலிங் ஏர் மட்டுமே கொண்ட பழைய போர்ஷ் 911, ஹோண்டா எஸ்2000 மாதிரிச் சில கார்கள் அடி வரை இறங்கி மறுபடி ஏறியும் இருக்கின்றன. அதை நம்பி வாங்குவது மட்டும் டர்ஃப் கிளப்புக்கு டாக்ஸியில் போவது மாதிரி.

"உங்களுக்கு சிஓஇ எண்டால் எங்களுக்குத் துரு" என்றான். அவன் மனைவி யாழ்ப்பாணம், அவன் பேச்சும் இப்போது அப்படித்தான். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள், அது காரின் அடிப்பாகத்தைத் தின்னும். அவன் வாங்குவதற்கு முன்னால் நம்பர் பிளேட்டைப் போட்டு அந்தக் காரின் எம்ஓடி சோதனை வரலாற்றை இணையத்தில் இலவசமாகப் பார்த்திருக்கிறான். எந்த வருஷம் எத்தனை மைல், எந்த வருஷம் துரு என்று எழுதினார்கள், எல்லாம் இருக்கும். வாங்கியதும் ஜனவரியில், திறந்த காரை யாரும் சீண்டாத மாதத்தில்.

சிஓஇ இல்லாத ஊரில் தேய்மானத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அவன் சொன்ன வழி எளிது. மூன்று வருஷம் வைத்திருக்கப் போகிறீர்களா? அதே மாடலில் மூன்று வயது மூத்த காரை, மூன்று வருஷ ஓட்டம் கூடுதலாக ஓடிய காரை இன்றைக்கு என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் விற்கும்போது ஏறக்குறைய அதுதான் கிடைக்கும். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்றால் வகுங்கள். நம்ம டெப்ரி வந்துவிடும்.

அப்பாவின் கேள்வி

மறுநாள் காலை தே குடிக்கும்போது அப்பா கேட்டார். "அந்தச் சிவப்பு வண்டி, ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"ஒரு நாளைக்கா?"

"நான் நாள் கணக்குலதான் வண்டி ஓட்டினேன். வருஷக் கணக்கு எனக்கு வராது."

இருபதாயிரத்தை 365-ஆல் வகுத்தேன். 55 வெள்ளி. "அது வண்டி நிக்கறதுக்கு. ஓடறதுக்கு?" என்றார். காப்புறுதிக்கு எனக்குச் சொன்ன விலை 2,100. சாலை வரி 1,200. வீட்டுக்குக் கீழே பார்க்கிங் மாதம் 110, வருஷத்துக்கு 1,320. பெட்ரோல் 3,000. சர்வீஸ், டயர், ஈஆர்பி என்று 1,500. எல்லாம் சேர்ந்து 29,120. ஒரு நாளைக்கு 80 வெள்ளி.

எண்பது என்றதும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் டாக்ஸிக்குக் கட்டிய வாடகையும் ஏறக்குறைய அந்த அளவுதான்.

"நானும் தினம் கட்டினேன் தம்பி. காய்ச்சல்ல படுத்தாலும் வாடகை ஓடும். ஆனா அந்த வண்டி எனக்குச் சம்பாரிச்சுக் குடுத்துது. இது உனக்கு என்ன குடுக்கும்? சந்தோஷம் குடுக்கும்னா சரி, அதுவும் வேணும்தான். தினம் எம்பது வெள்ளிக்குக் குடுக்குமான்னு மட்டும் பாத்துக்க."

வாங்காதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை வாங்கியிருப்பேன்.

நான் ஒன்று செய்தேன். கார் வாங்காமலேயே வாடகை கட்ட ஆரம்பித்தேன். நவம்பர் முதல் வாரத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் 560 வெள்ளியைத் தனிக் கணக்குக்கு மாற்றினேன். மூன்று மாதம் வலிக்காமல் கட்ட முடிந்தால் அந்த மாதிரிக் கார் நமக்குக் கட்டும். முடியாவிட்டால் கட்டாது. மனைவியிடமும் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "இது நல்லாருக்கு" என்றாள்.

முதல் நாலு வாரம் ஜோராகப் போனது. டிசம்பரில் மன்னார்குடியில் அத்தை வீட்டுக் கல்யாணம். ஐந்து பேருக்கு விமான டிக்கெட். பிறகு அப்பாவுக்கு இரண்டாவது கண்ணில் புரை அறுவை. மகளுக்கு ஜனவரியில் புதுப் புத்தகம், டியூஷன். இது எதுவும் ஆடம்பரம் இல்லை, எதிர்பாராததும் இல்லை. பத்து வாரத்தில் ஆறு வாரம்தான் என்னால் கட்ட முடிந்தது. உண்மையான காராக இருந்தால் அந்த நாலு வாரத்தையும் கடன் அட்டைதான் கட்டியிருக்கும். 3,360 வெள்ளியோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜனவரியில் இன்னொன்றும் நடந்தது. பெரிய கார்களின் சிஓஇ ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியது. டர்ஃப் சிட்டியைக் காலி செய்துவிட்டு வேறு இடத்துக்குப் போயிருந்த அந்தப் பையன் செய்தி அனுப்பினான். அதே சிவப்பு மாஸ்டா, இப்போது 88,000. மூன்று மாதத்தில் பதினோராயிரம் குறைவு. அதில் ஐந்தாயிரம் வழக்கமான தேய்மானம். மிச்ச ஆறாயிரம் மனைவி கேட்ட அந்தச் சேதாரம், கிராக்கியோடு ஏறியது, கிராக்கியோடு இறங்கியது. அக்டோபரில் கையெழுத்துப் போட்டிருந்தால் அது என் பணம்.

புது விலையில் டெப்ரி 18,500. நாளைக்கு நாலு வெள்ளி குறைவு. எனக்கு வந்த ஆசை நாலு வெள்ளிக்கு மேல் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நாலு விடுபட்ட வெள்ளிக்கிழமைகள் ஞாபகம் வந்தன. நன்றி சொல்லிப் பதில் போட்டேன்.

தாம்சன் சாலையில் ஒரு நாள்

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த 3,360-ல் நானூறு சொச்சத்தை எடுத்து ஒரு எம்எக்ஸ்-5-ஐ ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே நியாயமான இடத்துக்கு ஓட்டிப்போனேன். பழைய அப்பர் தாம்சன் சாலை. 1961 முதல் 1973 வரை சிங்கப்பூர் கிராண்ட் பிரீ பந்தயம் நடந்த பாதை அதன் வழியாகத்தான் போனது. இப்போது அது மரங்கள் கவிந்த ஒருவழிச் சாலை. குரங்குகள் உட்கார்ந்திருக்கும். வேகமாகப் போக முடியாது, போகவும் கூடாது. ஆனால் வளைவுகள் அதே வளைவுகள்.

முதலில் மகள். கூரையைத் திறந்ததும் தலையை அண்ணாந்து மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் காரின் சிஓஇ முடியும்போது அவளுக்குப் பதினாலு வயசாகியிருக்கும். அப்போது என்னோடு சுற்ற வருவாளோ என்னவோ. நாலு வருஷம் இரண்டு மாதம் என்பது காருக்கு மட்டும் உள்ள கணக்கு இல்லை என்று அப்போதுதான் தோன்றியது.

அடுத்த சுற்று அப்பா. பிடித்து மெதுவாக இறக்கி உட்கார வைத்தோம். பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். கண் அறுவைக்குப் பிறகு எல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்றார். இரண்டாவது வளைவில் என் கியர் மாற்றத்தைப் பார்த்து, "கிளட்ச்சை மெதுவா விடு" என்று திருத்தினார். கொஞ்ச தூரம் போனதும் டாஷ்போர்டைத் தடவிப் பார்த்தார்.

"என்னப்பா தேடறீங்க?"

"மீட்டர் எங்க இருக்குன்னு பாக்கறேன்" என்றார்.